தண்டவாளம் நீங்கிய தடங்கள்: அமெரிக்க இரயில்வழி மிதிவண்டிப் பாதைகளின் வரலாறு

கைவிடப்பட்ட இரயில் பாதைகளில் தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் அகற்றி, அந்த இடத்தில் பொடிக்கல்லைப் பரப்பி அமைக்கப்படும் நடை, மிதிவண்டிப் பாதைகள் இரயில்வழித் தடங்கள் எனப்படுகின்றன. மோட்டார் வாகனங்களுக்கு இவற்றில் பொதுவாக அனுமதி இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1960களில் தொடங்கிய இந்த முயற்சி, இன்று ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் நீளத்திற்கு வளர்ந்துள்ளது. காடுகள், சதுப்பு நிலங்கள், குளங்கள், ஆற்றோரங்கள் வழியே செல்லும் இத்தடங்களில் பல, இன்றளவும் தார் போடாத சரளைத் தடங்களாகவே பேணப்படுகின்றன. இந்த வரலாற்றில் பொழுதுபோக்கு ஒரு பகுதி மட்டுமே. ஒரு தொழில் அழிந்தபின் அது விட்டுச்சென்ற நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

சாலை கேட்டவர்களும் சாலையை இழந்தவர்களும்

1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' மிதிவண்டியும், 1888இல் டன்லப் கொண்டுவந்த காற்றடைத்த டயரும் மிதிவண்டியை எல்லோரும் ஓட்டக்கூடிய வாகனமாக்கின. அமெரிக்காவில் அதற்கு முன்பே, உயரமான முன்சக்கர வண்டிகளின் காலத்தில், 1880இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் அமெரிக்கச் சக்கரவண்டியாளர் கழகம் (லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்) தொடங்கப்பட்டிருந்தது.

அக்காலத்தில் ஊர்ப்புறச் சாலைகள் பெரும்பாலும் மண் சாலைகள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. நல்ல சாலை வேண்டும் என்ற கோரிக்கையை நாடு முழுவதும் கொண்டு சென்றவர்கள் மிதிவண்டியாளர்களே. கழகம் 1892இல் 'குட் ரோட்ஸ்' என்ற இதழைத் தொடங்கியது. 1893இல் கூட்டரசின் வேளாண்மைத் துறைக்குள் சாலை ஆய்வு அலுவலகம் அமைக்கப்பட்டது. அதன் தலைவராக ஜெனரல் ராய் ஸ்டோன் பொறுப்பேற்றார்.

1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் விற்பனைக்கு வந்தது. மிதிவண்டியாளர்கள் கேட்ட நல்ல சாலைகள் அடுத்த சில பத்தாண்டுகளில் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றை நிரப்பியவை மோட்டார் வாகனங்கள். சாலையைக் கேட்டுப் பெற்றவர்கள் சாலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். வாகனம் இல்லாத பாதைக்கான தேடல் பிற்காலத்தில் ஏன் எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை.

1897: ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் ஒரு பயணம்

இரயில் பாதையும் மிதிவண்டியும் முதன்முதலில் சந்தித்தது 1960களில் அல்ல. 1897 ஜூன் 14 அன்று மொன்டானா மாநிலத்தின் மிசூலா கோட்டையிலிருந்து 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள் மிதிவண்டிகளில் புறப்பட்டனர். லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஒரு மருத்துவரும் ஒரு செய்தியாளரும் உடன் சென்றனர். குதிரைக்குப் பதிலாக இராணுவம் மிதிவண்டியைப் பயன்படுத்த முடியுமா என்று சோதிப்பதே நோக்கம். ஏறத்தாழ 3,050 கிலோமீட்டர் கடந்து, 41ஆம் நாளான ஜூலை 24 அன்று மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரை அவர்கள் அடைந்தனர்.

வழியில் சாலைகள் சேறாகி வண்டி உருளாமல் நின்றபோது, வீரர்கள் இரயில் பாதைக்கு ஏறி ஸ்லீப்பர் கட்டைகளின் மேலேயே ஓட்டியும் தள்ளியும் சென்றனர். கட்டைக்குக் கட்டை குலுங்கும் அந்தப் பயணம் எளிதாக இருந்திருக்க முடியாது. ஆயினும் மேட்டின் மேல் போடப்பட்டதால் இரயில் பாதை நீரில் மூழ்காமல் நின்றது. பிற்காலத்தில் இரயில் பாதைகள் மிதிவண்டிக்குப் பொருத்தமாக அமைந்ததற்கான முதற்காரணம் இதுவே.

இரயிலின் உச்சமும் சரிவும்

1916இல் அமெரிக்க இரயில் பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 4,09,000 கிலோமீட்டர். அதுவே உச்சம். அதன்பின் லாரியும் பேருந்தும் காரும் பயணிகளையும் சரக்கையும் எடுத்துக்கொண்டன. மரம் வெட்டி முடிந்த காடுகளுக்கும், தாது தீர்ந்த சுரங்கங்களுக்கும் சென்ற கிளைப் பாதைகள் முதலில் மூடப்பட்டன. இரயில் நிறுவனங்கள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 1980ஆம் ஆண்டின் ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பிறகு, நட்டத்தில் ஓடும் பாதைகளைக் கைவிடுவது மேலும் எளிதாயிற்று.

ஒரு பாதை கைவிடப்பட்டால் தண்டவாளம் பழைய இரும்பாக விற்கப்படும். நிலம் துண்டு துண்டாகப் பிரிந்து அக்கம்பக்கத்தாரிடம் போகும். ஒரு விவசாயி மேட்டை உழுதுவிடுவார். இன்னொருவர் வேலி போடுவார். பாலம் இடிக்கப்படும். நூறு கிலோமீட்டர் நீளத் தொடர்ச்சியில் ஒரே ஒரு கிலோமீட்டர் போனாலும், அதைத் திரும்ப இணைப்பது பெரும்பாடு. இன்று ஊர்களும் வீடுகளும் நிறைந்த நாட்டில் அப்படி ஒரு நீண்ட நிலத்தொடரைப் புதிதாக வாங்க எந்த அரசாலும் எளிதில் இயலாது. எனவே கைவிடப்பட்ட பாதையைக் காப்பதில் காலம் முக்கியமாக இருந்தது.

ஒரு கடிதம்

இலினாய் மாநிலத்தில், சிகாகோ நகரையும் அதன் மேற்குப் புறநகர்களையும் இணைத்த சிகாகோ, அரோரா, எல்ஜின் மின்சார இரயில் 1957இல் பயணிகள் சேவையை நிறுத்தியது. பாதை புதர் மண்டிக் கிடந்தது. மார்ட்டன் தாவரத் தோட்டத்தில் இயற்கை அறிஞராகப் பணியாற்றிய மே தெயில்கார்ட் வாட்ஸ் என்ற அம்மையார், 1963 செப்டம்பரில் 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த இரயில் நிலத்தைப் பொதுமக்கள் நடக்கும் பாதையாக்க வேண்டும் என்றும், புல்டோசர்கள் முந்திக்கொள்ளும் முன் செயல்பட வேண்டும் என்றும் அதில் வலியுறுத்தினார். அப்போது அவருக்கு வயது 70.

அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் தன்னார்வலர்களாக ஒன்றுசேர்ந்து உருவாக்கியதே 'இலினாய் பிரெய்ரி பாதை'. இன்று அது ஏறத்தாழ 98 கிலோமீட்டர் நீளமுடையது. பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் பொடி பரப்பியது. அரசுத் திட்டமாகத் தொடங்காமல், ஒரு நாளிதழ்க் கடிதத்திலிருந்து தொடங்கியது என்பதே இதன் தனிச்சிறப்பு.

எல்ராய்–ஸ்பார்ட்டா தடம்

இலினாய்க்கு வடக்கே உள்ள விஸ்கான்சின் மாநிலத்தில் அரசே நேரடியாக இறங்கியது. சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் இரயில் நிறுவனம் 1870களின் தொடக்கத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்ற இரு சிற்றூர்களுக்கு இடையே குன்றுகளைக் குடைந்து பாதை அமைத்திருந்தது. 1964இல் அந்தப் பாதை கைவிடப்பட்டது. 1965இல் மாநில அரசு அதை 12,000 டாலருக்கு வாங்கியது. 1967இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இத்தடம், அமெரிக்க இரயில்வழித் தடங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர். கெண்டல், வில்டன், நார்வாக் ஆகிய சிற்றூர்கள் வழியில் உள்ளன. கெண்டலின் பழைய இரயில் நிலையக் கட்டடமே இன்று தடத்தின் அலுவலகம்.

இத்தடத்தின் புகழுக்குக் காரணம் மூன்று சுரங்கங்கள். நார்வாக் அருகே உள்ள மூன்றாம் சுரங்கம் ஏறத்தாழ 1,160 மீட்டர் நீளம். அதைத் தோண்டி முடிக்க மூன்று ஆண்டுகள் பிடித்தன. குளிர்காலத்தில் பாறையில் கசியும் நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளந்துவிடாமல் இருக்க, சுரங்க வாய்களில் பெரிய மரக்கதவுகள் பொருத்தப்பட்டன. இரயில் வரும்போது கதவைத் திறக்கவும் போனபின் மூடவும் காவலர்கள் இருந்தனர். இரயில் நின்றபின்னும் அந்தக் கதவுகள் குளிர்காலத்தில் மூடப்படுகின்றன. கோடையிலும் உள்ளே இருட்டும் குளிரும் சொட்டும் நீரும் உண்டு. மிதிவண்டியில் வருபவர் இறங்கி, கைவிளக்குடன் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது விதி.

எல்ராயிலிருந்து தெற்கே '400' தடமும், ஸ்பார்ட்டாவிலிருந்து மேற்கே லா கிராஸ் ஆற்றுத் தடமும், அதன்பின் மிசிசிப்பிக் கரையோரமாகப் பெருநதித் தடமும் பின்னாளில் இணைந்தன. நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 162 கிலோமீட்டர். '400' என்பது சிகாகோவிலிருந்து இரட்டை நகரங்களுக்கு ஏறத்தாழ 400 மைலை 400 நிமிடத்தில் கடந்த விரைவு இரயிலின் பெயர்.

இந்த நிலத்தின் வரலாறு இரயிலோடு தொடங்கவில்லை. இது ஹோ-சங்க் பழங்குடி மக்களின் தாயகம். 1829, 1832, 1837 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் மூலம் அவர்களின் நிலம் பறிபோனது. அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின் வந்ததே இரயில்.

சரளையும் சரிவும்

இரயில் எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. எனவே இரயில் பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாதை அமைத்தனர். எல்ராய்–ஸ்பார்ட்டா போன்ற குன்றுப் பகுதியிலும் நூறு மீட்டர் தூரத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல் ஏற்றம் இல்லை. சிறுவரும் முதியவரும் மூச்சு வாங்காமல் ஓட்ட முடிவதற்கு, நூறாண்டுக்கு முந்தைய நீராவி எஞ்சினின் வரம்பே காரணம்.

தண்டவாளம் அகற்றியபின் எஞ்சுவது பெரிய ஜல்லி. அதில் மிதிவண்டி ஓட்ட முடியாது. அதைச் சமன்செய்து, மேலே சுண்ணாம்புக்கல்லின் நுண்பொடி கலந்த சிறுகல்லை இட்டு உருளையால் அழுத்துகிறார்கள். நம் ஊர்க் கல்குவாரிகளில் கிடைக்கும் கிரஷர் தூளை ஒத்த பொருள் இது. நீர் பட்டு இறுகும்போது நுண்பொடி கற்களைப் பிணைத்து, தார்ச்சாலைக்கு நெருங்கிய உறுதியைத் தருகிறது. செலவு குறைவு. நடப்பவரின் முழங்காலுக்கும் குதிரையின் குளம்புக்கும் இதம்.

குறைகளும் உண்டு. பெருமழையில் அரிப்பு ஏற்படும். பனி உருகும் வசந்த காலத்தில் பாதை இளகிவிடும். மெல்லிய டயர் புதையும். சக்கர நாற்காலியில் வருவோருக்கு இளகிய இடங்கள் தடை. ஆகவே நகரங்களை ஒட்டிய தடங்கள் பலவற்றில் தார் போடப்பட்டது. ஊர்ப்புறத் தடங்கள் பெரும்பாலும் சரளையாகவே தொடர்கின்றன.

காடும் குளமும்

இத்தடங்களின் ஓரத்தில் குளங்கள் மிகுதியாக இருப்பது தற்செயல் அன்று. தாழ்நிலத்தில் இரயில் மேடு எழுப்ப, பக்கத்திலேயே மண் தோண்டினார்கள். தோண்டிய பள்ளங்களில் மழைநீரும் ஊற்றுநீரும் தேங்கின. நம் ஊரில் சாலைக்கு மண் எடுத்த பள்ளம் குட்டையாவதைப் போன்றதே இது. நூறாண்டில் அவற்றில் நாணலும் அல்லியும் வளர்ந்தன. ஆமைகளும் நாரைகளும் குடியேறின. நீர்நாய்க்கு உறவற்ற, மரம் கடிக்கும் பீவர் என்னும் கொறிவிலங்கு, மேட்டின் அடியில் உள்ள மதகுக் குழாய்களை அடைத்து அணை கட்டுவதும் உண்டு. தடத்தைப் பராமரிப்பவர்களுக்கு அது தொல்லை, பறவைகளுக்கு அது புதிய குளம்.

நடு அமெரிக்கச் சமவெளியில் இன்னொரு செய்தி கவனிக்கத்தக்கது. பிரெய்ரி எனப்படும் இயற்கைப் புல்வெளிகளில் மிகப் பெரும்பகுதி உழப்பட்டு மறைந்துவிட்டது. இரயில் பாதையின் இருபுறமும் வேலியிட்ட குறுகிய பட்டைகளில் ஏர் நுழையவில்லை. எஞ்சினின் தீப்பொறியால் அவ்வப்போது பற்றிய நெருப்பு, மரக்கன்றுகளை எரித்துப் புல்லை வாழவைத்தது. இதனால் பழைய பிரெய்ரித் தாவரங்களின் எச்சங்கள் சில இரயில் ஓரங்களிலேயே தப்பின. காட்டை ஊடுருவிய இரயில், தான் அறியாமலேயே புல்வெளியின் சிறு துண்டுகளைக் காத்துவைத்தது.

நிலம் யாருடையது?

இரயில் நிறுவனங்கள் நிலத்தைப் பலவகையில் பெற்றிருந்தன. சில இடங்களில் முழு உரிமையுடன் வாங்கின. பல இடங்களில் இரயில் ஓட்டுவதற்கான வழியுரிமை மட்டுமே பெற்றன. அத்தகைய இடங்களில், இரயில் நின்றால் நிலம் பழைய உடைமையாளரின் வாரிசுகளுக்கோ அடுத்த நிலத்துக்காரருக்கோ திரும்ப வேண்டும் என்பது பல மாநிலங்களின் சட்டம்.

1968இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட தேசியத் தடங்கள் சட்டத்தில் 1983இல் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. எதிர்காலத்தில் மீண்டும் இரயில் தேவைப்படலாம் என்பதால், பாதையைக் கைவிடாமல் 'இருப்பில்' வைத்து, இடைக்காலத்தில் தடமாகப் பயன்படுத்தலாம் என்றது அத்திருத்தம். அப்படிப் பயன்படுத்துவது கைவிடுதல் ஆகாது. எனவே வழியுரிமையும் முடிவுக்கு வராது. 1986இல் டேவிட் பர்வெல், பீட்டர் ஹார்னிக் ஆகியோர் நிறுவிய 'ரெயில்ஸ் டு டிரெயில்ஸ் கன்சர்வன்சி' என்ற அமைப்பு, இத்திருத்தத்தைப் பயன்படுத்திப் பாதைகளைக் காக்க ஊர்களுக்கு உதவியது.

நிலத்துக்காரர்கள் இதை ஏற்கவில்லை. அவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. 'இரயிலுக்குக் கொடுத்தோம், அந்நியர் வீட்டின் பின்புறம் உலாவுவதற்குக் கொடுக்கவில்லை' என்பதே அதன் சாரம். வெர்மான்ட் மாநிலத்தில் சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த ஒரு தம்பதியர் தொடுத்த வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1983 திருத்தம் அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்றும், நிலம் எடுக்கப்பட்டதாகக் கருதுவோர் கூட்டரசிடம் இழப்பீடு கேட்டு வழக்காடலாம் என்றும் நீதிபதி பிரெனன் எழுதிய தீர்ப்பு கூறியது. 1996இல் அந்தத் தம்பதியருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. தடமும் நின்றது, உடைமையாளரின் குரலும் கேட்கப்பட்டது.

2014இல் தீர்ப்பு மறுபக்கம் திரும்பியது. வயோமிங் மாநிலத்தின் மெடிசின் போ தேசியக் காட்டில், பழைய இரயில் வழியில் ஒரு சரளைத் தடம் அமைக்கப்பட்டிருந்தது. அதன் ஒரு பகுதி தனியார் நிலத்தைக் கடந்தது. 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரயிலுக்குக் கிடைத்தது வழியுரிமை மட்டுமே, இரயில் கைவிடப்பட்டதும் அது முடிந்துவிட்டது, நிலம் அரசுக்குத் திரும்பாது என்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தீர்ப்பை எழுதினார். நீதிபதி சோட்டோமேயர் மாறுபட்டார். இருப்பில் வைக்கப்பட்ட பாதைகளை இது பாதிக்கவில்லை. ஆனால் சட்டப்படி முறையாக இருப்பில் வைக்காத பாதையின் உரிமை எவ்வளவு மெல்லியது என்பதை அது காட்டியது.

கேட்டி தடம்

மிசூரி–கன்சாஸ்–டெக்சஸ் இரயில் நிறுவனத்தை மக்கள் 'கேட்டி' என்று அழைத்தனர். மிசூரி ஆற்றை ஒட்டிய அதன் பாதை 1986இல் வெள்ளத்தால் சேதமடைந்தபின் சேவை நிறுத்தப்பட்டது. நிதி முதலீட்டு நிறுவனம் ஒன்றை நடத்திய டெட் ஜோன்ஸ் என்பவரும் அவர் மனைவி பாட் ஜோன்ஸும் ஏறத்தாழ 22 லட்சம் டாலர் நன்கொடை தந்து, அந்தப் பாதை தடமாக மாற உதவினர். இங்கும் விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 1990இல் ரோச்போர்ட் என்ற சிற்றூரில் முதற்பகுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் டெட் ஜோன்ஸ் காலமானார்.

1993இல் மிசூரியிலும் மிசிசிப்பியிலும் வந்த பெருவெள்ளம் தடத்தின் பெரும்பகுதியை அரித்துச் சென்றது. மீண்டும் கல் பரப்பப்பட்டது. கிளின்டன் முதல் மச்சென்ஸ் வரை ஏறத்தாழ 386 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடம், 2011இல் முழுமை பெற்றது. ஒருபுறம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறுபுறம் ஆறும் ஆற்றங்கரைக் காடும் எனச் செல்லும் இவ்வழியே, 1804இல் லூயிஸ், கிளார்க் குழுவினர் படகில் மேற்கு நோக்கிச் சென்ற ஆற்றுவழி. இரயில் போனபின் வாடிய கரையோரச் சிற்றூர்களில், பயணிகள் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் மிதிவண்டிக் கடைகளும் தோன்றின.

தெற்கு டகோட்டாவின் கருங்குன்றுகளில் 1998இல் நிறைவுற்ற மிக்கெல்சன் தடம் இதற்கு இணையானது. 1983இல் கைவிடப்பட்ட சுரங்க இரயில் வழியில், நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களும் நான்கு சுரங்கங்களும் கொண்டு 175 கிலோமீட்டர் செல்கிறது. இதற்கு ஆதரவளித்து, 1993இல் விமான விபத்தில் இறந்த ஆளுநர் ஜார்ஜ் மிக்கெல்சனின் பெயர் சூட்டப்பட்டது.

'கிராவல்' மிதிவண்டி

2006இல் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில், ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தூரச் சரளைச் சாலைப் பந்தயம் 34 பேருடன் தொடங்கியது. இன்று 'அன்பவுண்ட்' என அழைக்கப்படும் அப்போட்டி, உலகெங்கும் வீரர்களை ஈர்க்கிறது. 2022இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் சரளைப் பாதை உலகப்போட்டியை நடத்தியது. சாலைப் பந்தய வண்டியின் வடிவமும், அகலமான டயரும், வட்டுத் தடையும் கொண்ட 'கிராவல் பைக்' தனி வகையாக நிலைபெற்றது.

பந்தயங்கள் பெரும்பாலும் வாகனங்களும் செல்லும் ஊர்ப்புறச் சாலைகளில் நடப்பவை. இரயில்வழித் தடங்களோ பந்தயத்துக்கானவை அல்ல. எனினும் இவ்வகை வண்டிகளின் பெருக்கம், தார் போடாத தடங்களுக்குப் புதிய பயணிகளைக் கொண்டுவந்தது. 2019இல் வாஷிங்டன் நகரிலிருந்து மேற்குக் கரையின் வாஷிங்டன் மாநிலம் வரை, 5,900 கிலோமீட்டருக்கும் அதிகமான தொடர்தடம் ஒன்றுக்கான திட்டம் அறிவிக்கப்பட்டது. பல பகுதிகள் ஏற்கெனவே உள்ளன, எஞ்சியவை இணைக்கப்பட்டு வருகின்றன.

வரலாற்று மதிப்பு

1890களில் மிதிவண்டியாளர்கள் சேற்றிலிருந்து தப்ப நல்ல சாலை கேட்டனர். அச்சாலைகளே லாரிகளைக் கொண்டுவந்து இரயிலை வீழ்த்தின. வீழ்ந்த இரயிலின் மேட்டில் பின்னாளில் மிதிவண்டி ஏறியது. மூன்று போக்குவரத்துகளின் கதை ஒரே நிலப்பட்டையில் அடுக்கடுக்காக எழுதப்பட்டுள்ளது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையின் விலை 12,000 டாலர். ஒருமுறை துண்டாகியிருந்தால் எத்தனை மடங்கு கொடுத்தாலும் அதே பாதையை மீண்டும் பெற்றிருக்க முடியாது. பயனற்றது என்று ஒரு தலைமுறை கைவிடும் பொதுச்சொத்து, ஆறாயினும் கால்வாயாயினும் வழித்தடமாயினும், அடுத்த தலைமுறைக்கு என்னவாகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. அது உடையாமல் இருக்கும்வரைதான் அந்தக் கேள்விக்கே இடம் உண்டு.